ஒம்பதாம் நம்பர் ஷூ

ஷூ திருட்டெல்லாம் இங்க நடக்காது சார். நான் எண்ணி வச்சிருக்கேன், கேளுங்க. காலைல கம்ப்யூட்டர் லேபுக்குள்ள இருந்தது, பிராக்டிகல் எழுதின பொண்ணுங்க பதினேழு, எங்க ஷண்முகப்ரியா மேடம், வெளி ஸ்கூல்லருந்து மார்க் போட வந்த நீங்க, தண்ணி கேன் தூக்கினு வந்த ராம்குமாரு, அப்புறம் லேப் ஆயா நானு. மொத்தம் இருபத்தோரு பேரு. வாசல்ல இருபத்தோரு ஜோடி. பத்தரைக்கு ஒருவாட்டி எண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சு.

பொண்ணுங்க மாத்திப் போட்டுனு போயிருப்பாங்களா? இன்னா சார் நீங்க! உங்களுது ஒம்பதாம் நம்பரு. பிரவுன் கலரு, எடது குதிகால் தேஞ்சது, உள்ள அட்டை வச்சு... உத்துப் பாக்கல சார். எண்ணும்போது கண்ணுல பட்டுச்சு.

கழட்டச் சொன்னது நானா? கரஸ்பாண்டன்ட் ஐயா ஆர்டரு. தூசி போனா கம்ப்யூட்டரு படுத்துக்குமாம். ஆயுத பூஜைக்கு அவரே நாலாவது மிஷின் கீபோர்டுல சந்தனத்தத் தெளிச்சாரு. அதுலருந்து எண்டர் கட்டை அமுங்கல. அதுக்கு யாரு ஆர்டர் போடறது?

அதுவா? அந்தக் கடைசி மிஷின நான் ஆஃப் பண்ணல. அது சாய்மா எடம். காலைல ரெக்கார்டு நோட்ட வூட்டுல மறந்துட்டு வந்துச்சுன்னு திருப்பி அனுப்பினீங்களே, அந்தப் பொண்ணு. திருவான்மியூர் போய் எடுத்தாறணும். பஸ்ஸு கிடைக்கணுமே.

ஆப்சென்ட் போடப் போறீங்களா? ஆமா சார், மேடம் சொன்னாங்க. பிராக்டிகல்ல ஆப்சென்ட் விழுந்தா பன்னண்டாவதே ஃபெயிலாம். வூட்டுல கம்ப்யூட்டரு இல்ல அதுக்கு. தெனம் சோத்து மணியில இங்கதான் குந்தி அடிச்சுப் பழகும். சரி, போடுங்க சார், உங்க வேலை. மார்க் ஷீட்டு ஆபீஸ் ரூம்ல கீது. நடுவுல கிரவுண்டு.

வெறுங்காலோடவா? கிரவுண்டு பூரா ஜல்லி கொட்டி கீது சார். மார்ச் மாச வெயிலு வேற. என் செருப்பு வேணா தரட்டா? ஆறாம் நம்பரு. ரோஸ் கலரு, மேல பூ வச்சது. பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது.

மேடத்துக்கு போன் போட்டு ஷீட்ட எடுத்தாரச் சொல்லலாந்தான். அவங்க போனு இதோ டேபிள் மேல கீது. மறந்துட்டுப் போயிட்டாங்க போல.

நான் இவ்ளோ பேசறவளே இல்ல சார். வெளி ஆளு வந்தா பீரோவுக்குப் பின்னால போய் நின்னுப்பேன். பதினாறு வருஷத்துல உங்கள மாதிரி பதினாறு பேரு வந்தாங்க. ஒருத்தர்கிட்டயும் வாய் தொறந்ததில்ல. எட்டாவது படிச்சவ இன்னா பேசறது? இன்னிக்கு எப்படியோ வந்துடுச்சு.

பொண்ணுங்க பதினொன்னரைக்கே முடிச்சுட்டாங்க, அதான் உங்களுக்கு அவசரம். ஆனா டைம் ஒரு மணி வரைக்கும்னு கதவுல ஒட்டி கீதே. கீழ உங்க கையெழுத்து தான? பச்சை இங்க்கு.

யாரு அது ஓடியாறது? ஜல்லி மேலயே ஓடியாறா பாருங்க. சாய்மா! வாம்மா, ஷூவ வெளிய கழட்டு. மூச்சு வாங்கிக்கோ மொதல்ல. நோட்ட சாருகிட்ட குடு.

பாருங்க சார், நல்லாப் பாருங்க. எல்லா பக்கத்துலயும் மேடம் கையெழுத்து கீதா? அப்ப குந்தட்டுமா? வாயத் தொறந்து சொல்லுங்க சார், பொண்ணு பயந்துகினு நிக்குது. ம்... போம்மா, போய் குந்து. சார் சொல்லிட்டாரு.

உங்க ஷூவா? யூபிஎஸ் ரூம்ல, பேட்டரிக்குப் பின்னால, பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, ஒரு மணிக்கு நானே தொடச்சு எடுத்தாறேன். மெதுவாப் பேசுங்க சார், அது எழுதுதுல்ல. இப்ப பன்னண்டு ஆவ எட்டு நிமிஷம். இன்னும் அறுபத்தெட்டு நிமிஷம் கீது.