ஆணியில் தொங்கிய சங்கிலிகள்

என் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி ஏட்டு எழுதிக்கொண்டார். ஊரில் என்னை "ஒயர்" என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். வயது இருபத்தாறு. மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கிறேன், அதற்கான டிப்ளமா படித்திருக்கிறேன். காட்டுக்குப் போகும் சாலையில் கடைசிப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வீட்டில் அக்காவுடனும் மச்சானுடனும் வசித்து வருகிறேன்.

அக்கா பால் வண்டி ஓட்டுகிறார். எங்கள் ஊர்க் காட்டுக் குழுவுக்குத் தலைவியும் அவரே. ஊரை ஒட்டிய மழைக்காட்டைக் காவல் காக்கும் பொறுப்பை வனத்துறை எழுத்து மூலமாக இந்தக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. நாங்கள் முறைவைத்துக் காட்டுக்குள் போய்வருவோம். உயரமான மரங்களில் நான் ஒலிக்கருவிகள் கட்டியிருக்கிறேன். மரம் அறுக்கும் ரம்ப மெஷின் ஓடினால் அவை கண்டுபிடித்து என் கைப்பேசியில் மணி அடிக்கும். மழைச் சத்தத்தை மெஷின் என்று நினைத்துவிடாதா என்று ஏட்டு கேட்டார். முதல் மாதம் நினைத்தது, பிறகு சரிசெய்துவிட்டேன் என்று சொன்னேன்.

குழுவில் ஒரு முறை உண்டு. காட்டில் மரம் அறுக்கிற ஆளைப் பிடித்தால் அடிக்க மாட்டோம், மெஷினையும் பிடுங்க மாட்டோம். மெஷினிலிருந்து மரத்தை அறுக்கும் பல்லுச் சங்கிலியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து குழுக் கட்டடத்தில் ஆணியில் மாட்டிவிடுவோம். சங்கிலி வேண்டுமென்றால் அந்த ஆள் அங்கே ஊர் கூடும் சபைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, ஏன் வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கொடுத்துவிடுவோம். அதன் பிறகு பெரும்பாலும் அந்த ஆள் காட்டுப் பக்கம் மெஷினோடு வருவதில்லை. மாமனார், மச்சினன், கடன் கொடுத்தவன் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறப்பது லேசான காரியமில்லை. மச்சானே ஒருமுறை கூரைக்கு மரம் வெட்டி மாட்டிக்கொண்டார். சபைக்கு வந்து, "வீட்லதான் உன் முன்னாடி கைகட்டி நிக்கிறேன், இங்கயுமா?" என்று கேட்டார். அக்கா, "இங்க நிக்க வேணாம், உக்காருங்க" என்றார். சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. ஆனாலும் மச்சான் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத்தான் சங்கிலியை வாங்கிப்போனார்.

சென்ற கோடையில் வனச்சரகர் எங்கள் கட்டடத்துக்கு வந்து, உள்ளூர் நிர்வாகத்தை வலுப்படுத்துவது பற்றி இரண்டு நாள் பயிற்சி நடத்தினார். சங்கிலி மாட்டும் முறை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மற்ற ஊர்களிலும் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஆணிகளுக்குக் கீழே அக்காவை நிறுத்தி அவரே படம் எடுத்தார்.

அதன் பிறகு, போன வாரம் ஒருநாள் காலையில் ஓடைப் பக்கக் கருவி மணி அடித்தது. அக்கா, நான், குழுவிலுள்ள தையல்காரர், டீக்கடை அண்ணன் ஆகிய நால்வரும் போனோம். மர ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள் மூன்று பேர் ஓடைக்கரையில் பச்சை மரம் ஒன்றைச் சாய்த்திருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அவர்களின் மேஸ்திரி அனுமதிச் சீட்டைக் காட்டினார். அதில் விழுந்து காய்ந்த மரங்களை எடுக்கலாம் என்று இருந்தது. அக்கா மரத்தைக் காட்டி, "இது எப்பங்க காஞ்சுது?" என்று கேட்டார். மேஸ்திரி, "நாளைக்குக் காஞ்சிரும்மா" என்றார். அதன் பிறகு நாங்கள் நால்வரும் கலந்து பேசி, முறைப்படி சங்கிலிகளைக் கழற்ற முடிவு செய்தோம். ஸ்பானர் வைத்திருந்தவன் நான், மூன்றையும் கழற்றியவனும் நான். அவர்கள் தடுக்கவில்லை. ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சபைக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி அக்கா சொன்னார்.

சபைக்கு யாரும் வரவில்லை. போலீஸ் வந்தது. கூட்டமாகப் போய் மிரட்டிப் பொருளைப் பறித்ததாக ஒப்பந்தக்காரர் கொடுத்த புகார். அக்காவைக் கைது செய்தார்கள். புகாருடன் வனச்சரகர் எடுத்த படமும் இருந்தது, திருட்டுச் சங்கிலிகளை நாங்கள் வழக்கமாக மாட்டி வைப்பதற்கு ஆதாரமாக. அந்தப் படம் சம்பவத்துக்கு முன்னால் எடுத்தது, அதில் தெரிவது பழைய சங்கிலிகள், கோப்பைத் திறந்து பார்த்தாலே தேதி தெரியும் என்று நான் விளக்கினேன். "அதையெல்லாம் கோர்ட்ல சொல்லிக்க" என்றார்கள். வனச்சரகரிடம் கேட்டதற்கு, அப்படி ஒரு முறை இருப்பதே தமக்குத் தெரியாது என்றார்.

வனத்துறை விதிப்படி, தலைவி மட்டும் தப்பு செய்திருந்தால் தலைவியை மாற்றினால் போதும். குழுவாகச் சேர்ந்து செய்திருந்தால் குழுவைக் கலைத்துவிட்டுக் காட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இன்று காலை நான் இந்த அறைக்குள் வரும் முன் அக்கா கம்பிக்கு உள்ளிருந்து, "நான் மட்டுந்தான் செஞ்சேன்னு எழுதச் சொல்லுடா" என்றார். "அப்ப நீ திருடியாக்கா?" என்று கேட்டேன். "ஆமான்னு வச்சுக்க. பால் வண்டிக்கு மச்சானை அனுப்பு, பிரேக் சரியில்லைன்னு சொல்லு" என்றார்.

அக்கா சொன்னபடி என்னால் சொல்ல முடியாது. தனியாள் கழற்றினால்தான் அது திருட்டு. நாங்கள் குழுவாக முடிவெடுத்துக் கழற்றினோம். இதை எழுதினால் குழு போய்விடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அக்கா சொல்வதை எழுதினாலும், ஒரு திருடி நடத்திய குழு என்று பெயராகும், அடுத்த தலைவிக்கு ஆணியில் கை வைக்கத் துணிவு வராது.

இந்த இடத்தில் என் கைப்பேசி மணி அடித்தது. ஓடைப் பக்கக் கருவி. ஏட்டு, "அந்தச் சனியன அணைச்சுட்டுப் பேசு தம்பி" என்றார். மெஷின் ஓடுகிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். அது வனத்துறை வேலை என்றார். அவர் அனுமதியுடன் வனச்சரகருக்குப் பேசினேன். காவல் பொறுப்பு குழுவிடம்தான் இருக்கிறது, குழுவைப் போகச் சொல் என்றார். குழு முழுவதும் விசாரணைக்காக வரவழைக்கப்பட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களில் யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டேன். விசாரணை முடியாமல் யாரும் போகக் கூடாது என்று சொல்லப்பட்டது.

அதன் பிறகு கைப்பேசி சான்றுப் பொருளாக என்னிடமிருந்து வாங்கி உறையில் போடப்பட்டது. உறையில் போடும்போது அது மணி அடித்துக்கொண்டிருந்தது என்பதையும் எழுதும்படி கேட்டேன். எழுதியிருக்கிறார்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்ததுதான். யாரும் என்னை அடிக்கவோ பயமுறுத்தவோ இல்லை.

(ஒப்பம்)