தெரியாமல் தொட்ட சிப்பாய்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் முப்பது வயதைத் தாண்டிய இரண்டு தோழிகள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "தெரியாம தொட்டதுக்குப் போயி என்னைய பெரிய மூளைன்றாங்கடி."

"இன்னாத்த தொட்டே?"

"நேத்து செஸ் போட்டி. பாதி ஆட்டத்துல வெட்டவும் ஒண்ணும் இல்ல, அடுத்து இன்னா பண்றதுன்னும் புரியல. எதையோ நெனைச்சுகினு ஓரத்து சிப்பாய தொட்டுட்டேன். தொட்ட காயத்தான் ஆடணும். ஒரு கட்டம் தள்ளி வெச்சேன்."

"அப்பால?"

"எதுர்ல ஆடுனவரு மிரண்டுட்டாரு. இதுல இன்னாவோ ப்ளான் கீதுன்னு யோசிச்சுகினே இருந்தாரு. டைம் தீந்து தோத்துட்டாரு."

"ஜெயிச்சிட்டே இல்ல, வுடு."

"எங்க வுடறது? கத்துக்குடுக்குற சாருக்கு ஒரே குஷி. நடு ஆட்டத்துல அவசரப்படாம ப்ளான் போடணும்னு அவரு சொல்லிக்குடுத்தத நான்தான் கப்புனு புடிச்சுகினேனாம். வர்ற ஞாயித்துக்கெழம மொத்த கிளாசுக்கும் என் ப்ளான வெளக்கணுமாம். சோறே எறங்கல."

நடத்துநர் சீட்டு கிழிப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்திலேயே நின்றார்.

"பேசாம உண்மைய சொல்லிடு."

"சொல்லாமயா இருப்பேன்? தெரியாம தொட்டுட்டேன் சார்னு அங்கியே சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"எல்லாரையும் கூப்ட்டு, இந்தப் பொண்ணோட அடக்கத்தப் பாருங்கன்னுட்டாரு."