கழுவக் கூடாத பொம்மை

பழைய பொம்மையை ஒருபோதும் கழுவக் கூடாது, மேடம். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. வாங்குகிறவர்களுக்கு அழுக்கு வேண்டும். கன்னத்தில் ஏதோ ஒரு குழந்தை தேய்த்த கறை, கவுன் ஓரத்தில் ஏறிய மஞ்சள், தலைமுடியில் பழைய வீட்டு வாடை, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். சோப்புப் போட்டுவிட்டால் அது வெறும் பொம்மைதான். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் இனி அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

நான் பொம்மை ரிப்பேர்காரன். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், வயிற்றை அமுக்கினால் பேசும் பொம்மை, இதெல்லாம் கைக்கு வந்தால் பிழைக்க வைத்துவிடுவேன். ஆனால் இப்போது யார் பொம்மையை ரிப்பேர் செய்கிறார்கள்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இணையத்தில் பழைய பொம்மைகளுக்கென்றே ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. வயது ஏறிய ஆட்கள், சின்ன வயதில் தொலைத்ததைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஒரு தகர ரயிலை வாங்கியவர் போனில் அழுதார். நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கெட்டது ஒரு விளையாட்டில் தொடங்கியது. ஒரு கண் உடைந்த பொம்மை விலை போகாமல் கிடந்தது. அதன் படத்துக்குக் கீழே, 'படுக்கும்போது இதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கவும், காரணம் கேட்க வேண்டாம்' என்று சும்மா எழுதிவைத்தேன். பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்குப் புரிந்தது, ஏக்கத்துக்குக் கொடுப்பதைவிட பயத்துக்கு ஜனங்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று. அதற்குப் பிறகு என் கடையில் பேய் பிடிக்காத சாமானே கிடையாது. வாய் கூசாமல் கதை கட்டினேன். யாருக்கும் கெடுதல் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன்.

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எங்கள் கட்டடத்தில் கீழே என் கடை, மேல் மாடியில் அவள் வீடு. மாமாவுக்குக் கப்பலில் வேலை. ஒரே மகள். குட்டி என்று கூப்பிடுவோம். போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அக்கா பல மாதம் ஜன்னலையே திறக்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல எழுந்தாள். தையல் வேலைக்குத் திரும்பப் போனாள். ஒரு நாள் நான் சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், மேடம். அவள் தேறிவருகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அடுத்ததைச் செய்தேன்.

குட்டியின் சாமான்களை ஒரு பையில் போட்டு அக்கா கடைக்குக் கொண்டுவந்தாள்.

"தம்பி, இதெல்லாம் எதாவது புள்ளைங்களுக்குக் குடுத்துடு. விளையாடட்டும். வீட்டுல இருந்தா நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துட்டே இருப்பேன்டா."

பையில் குட்டியின் பேசும் பொம்மை இருந்தது. நானே இரண்டு முறை சரிசெய்து கொடுத்தது. கன்னம் முழுக்க அவள் முத்தம் வைத்த அழுக்கு. அப்படி ஒரு பொம்மை கைக்கு வருவது அபூர்வம். குழந்தைகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. விற்பனைப் பக்கத்தில் போட்டேன். இறந்த குழந்தையின் பொம்மை என்று எழுதினேன். இந்த ஒரு தடவையாவது பொய் எழுதவில்லையே என்று ஆறுதல்கூடப் பட்டேன்.

பேசுமா என்று கேட்டார்கள். குட்டி கண்ணாமூச்சி விளையாடியபோது எடுத்த பதிவு என் போனில் இருந்தது. அதிலிருந்து ஒரு வரியை வெட்டி பொம்மையின் முதுகுக்குள் வைத்தேன். வயர் இல்லாத காலிங்பெல்லுக்கு வருவது போல, தூரத்திலிருந்தே வேலை செய்யும் ஒரு சின்ன பட்டன், அது என் பாக்கெட்டில் இருக்கும். அமுக்கினால், "அம்மா, நான் இங்கதான் இருக்கேன், கண்டுபிடி" என்று குட்டி சொல்லுவாள். வீடியோவைப் போட்டதும் ஊர் உலகமெல்லாம் பார்த்தது.

அக்கா அந்தப் பக்கமெல்லாம் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். தையல் கடையில் யாரோ காட்டிவிட்டார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று நின்றேன். அறைந்திருக்கலாம்.

"அது அவ குரல்டா தம்பி. எனக்குத் தெரியாதா? என்னைத்தான் கூப்பிடுறா. நான் போய் அவளைப் பையில கட்டிக் குடுத்துட்டேனே."

மேசையில் திருப்புளி இருந்தது. முதுகு மூடியைத் திறந்து காட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கேவலப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். என் கை திருப்புளி வரைக்கும் போனது. அப்புறம், "அக்கா, நீ அதுகூடப் பேசறதை ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் சரி என்று தலையாட்டினாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பொம்மையை அவளே வைத்துக்கொண்டாள். தாயும் பொம்மையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, பொம்மைக்கு விலை கேட்கிறவர்கள் கூடினார்கள். கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவைத்தேன். தினமும் மேலே போய் அவளுக்குத் தெரியாமல் பட்டனை அமுக்கினேன். அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். இரண்டு தட்டில் சாப்பாடு போட்டாள். மாமா கப்பலிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ளே, உங்கக்கா பொம்மைக்குச் சோறு ஊட்டுறாளாமே. நீ பக்கத்துலதான இருக்க?"

"நான் பாத்துக்கறேன் மாமா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அது நிஜமான அழுகைதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவள் பொம்மையைக் குளிப்பாட்டிவிட்டாள். வெந்நீரில் சோப்புப் போட்டு, தலையை அலசி, கவுனைத் துவைத்து இஸ்திரி போட்டு. நான் போனபோது பளபளவென்று மடியில் உட்கார்ந்திருந்தது. "அழுக்கா இருந்தாடா, பாவம்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காட்டிக்கொள்ளவில்லை. முதுகுக்குள் நனைந்துபோயிருந்ததை அவளுக்குத் தெரியாமல் மாற்றிவைத்தேன். அன்றைய வீடியோவில், புதுப் பொம்மையை வைத்து ஏமாற்றுகிறான் என்று எழுதினார்கள். விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இன்னொரு நிரூபணம் வேண்டியிருந்தது.

குட்டி எப்போதும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் ஒளிவாள். அங்கே கைப்பிடிச் சுவரை ரிப்பேருக்காக இடித்து, ஆள் போகாமலிருக்கக் கொத்தனார் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். மதியம் மழை பெய்து விட்டிருந்தது. அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் பொம்மையை எடுத்துப்போய் தொட்டிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். இருட்டாக இருந்தது, படத்துக்கு ஆகவில்லை. அதனால் சுவர் இடித்த ஓரத்துக்கு நகர்த்தினேன். சாயங்கால வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்தது. ஆனால் அந்தக் கயிறு படத்தைக் குறுக்கே வெட்டியது. அவிழ்த்து, சுருட்டி, தொட்டி மேல் வைத்தேன். பிறகு கட்டிவிடலாம் என்றுதான்.

போனில் வீடியோவை ஓடவிட்டு பட்டனை அமுக்கினேன். அக்கா பொம்மையைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் படியேறினாள். முதலில் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே இல்லை. இன்னொரு முறை அமுக்கினேன். திரும்பினாள். "கண்டுபிடிச்சுட்டேன்டி" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். தரை பாசி. அக்கா நில்லு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொன்னால் வீடியோவில் என் குரல் விழுந்துவிடும். பொம்மையை வாரி எடுத்தாள். அதோடு கால் வழுக்கிப் போய்விட்டாள். நான் போனைக் கீழே இறக்கவில்லை. ஓரத்துக்குப் போய், கீழேயும் எடுத்தேன்.

கயிற்றை மறுபடி கட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அந்த வீடியோவை யாருக்கும் காட்டவில்லை. நீங்கள் விபத்து என்று எழுதியது அதனால்தான், உங்கள் மேல் தப்பில்லை. கொத்தனாரைக்கூட இரண்டு நாள் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவர் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். நேற்று மாமா வந்து இறங்கினார். என்னைக் கட்டிப்பிடித்து, "கடைசி வரைக்கும் நீயாவது அவகூட இருந்தியேடா" என்று தேம்பினார். அவர் கை என் முதுகில் இருந்தது. அந்த இடம் இன்னும் எரிகிறது. அதனால்தான் வந்தேன். இதோ அந்தப் பட்டன். அக்காவைக் கொன்றது நான்தான்.

அந்த விற்பனைப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும், இன்னும் எடுக்கவில்லை. பொம்மைக்கு விலை கேட்டு ஆட்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இனி எனக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். பொம்மை உங்களிடம் சாட்சிப் பொருளாக இருக்கிறது. கவுனில் சேறு இருக்கும். அக்காவின் ரத்தமும் கொஞ்சம் இருக்கும். யாராவது பாவம் பார்த்துத் துடைத்து வைத்துவிடப் போகிறார்கள். வழக்கு முடிந்து என்னிடம் திரும்பி வரும்போது அப்படியே வர வேண்டும். அக்கா ஞாபகமாக வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். கழுவ மட்டும் வேண்டாம்.