பக்கவாட்டு முகம்

கணினி சூடாவது பெரிய விஷயமில்லை. தூசி அடைத்தாலே விசிறி இரைய ஆரம்பித்துவிடும். மைத்துனரிடமும் அப்படித்தான் சொன்னேன். என் மனைவியின் தம்பி அவர். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவர். இரைச்சலில் தலை வலிக்கிறது என்று மனைவிதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். முன்பே தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவன். பின்னறைதான் என் பட்டறை. தொழிலுக்காக நல்ல கிராபிக்ஸ் கார்டாகப் பார்த்துப் போட்டிருந்தேன்.

மைத்துனர் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி இயக்கியதும் அதே இரைச்சல்.

"எதையும் திறக்கவே இல்லையே அத்தான். கார்டு ஏன் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுல நிக்குது?"

"பழசாயிடுச்சு போல."

"இதுவா பழசு? உங்களுக்குத் தெரியாம யாரோ உள்ளே எதையோ ஓட விட்டிருக்காங்க."

டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டார். வைரஸ் தேடினார். "போதும் மச்சான், கையைக் கழுவுங்க, சாப்பிடலாம்" என்றேன். பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவர். பின்னணியில் ஓடுவதையெல்லாம் ஒவ்வொன்றாகத் துருவ ஆரம்பித்தார்.

ஓடிக்கொண்டிருந்தது என்னவென்று நானே சொல்கிறேன். அந்தக் கணினி என் மகளின் முகத்தைக் கற்றுக்கொண்டிருந்தது.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் என்பார்கள். கோபமில்லை, பயம். மனைவியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடு போய்விடுவாள், திரும்ப மாட்டாள் என்று தோன்றியது. அதனால் மனைவியின் எண்ணை மாற்றினேன். அவள் போனில் மகளின் எண் என்று என்னுடைய இன்னொரு எண்ணைப் பதிந்து கொடுத்தேன். மகளிடம், "அம்மா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டா. உன் மாமாவும் அப்படித்தான்" என்றேன். ரோஷக்காரி. நம்பிவிட்டாள்.

மகள் பேசவில்லை என்று மனைவி சாப்பாட்டைக் குறைத்தாள். அவள் உருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மகளின் பழைய வீடியோக்கள் என்னிடம் ஏராளமாக இருந்தன. அவற்றிலிருந்து முகத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டேன். பேச்சு மட்டும் என்னுடையது. சாயங்காலமானால் மனைவி கூடத்தில் போனோடு உட்காருவாள். வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டு நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் முகத்தோடு அவளை வீடியோவில் அழைப்பேன்.

என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் மகளிடம் சொன்னாள். "உங்கப்பாகிட்ட வாயைத் திறக்கவே பயமா இருக்கு பாப்பா" என்றாள் ஒருநாள்.

"அப்பா பாவம்மா" என்றேன்.

மறுநாள் என் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். வீட்டில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை.

பிறகு கேட்டாள்: "எப்பப் பாரு நேராவே பாத்துப் பேசுற. கொஞ்சம் திரும்பு பாப்பா. காதுல ஏதாவது போட்டிருக்கியா, மூளியா வெச்சிருக்கியா?"

சிக்னல் சரியில்லை என்று துண்டித்தேன். திரும்பினால் முகம் கலைந்துவிடும். பழைய வீடியோ எதிலும் அவள் பக்கவாட்டில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினான். மருத்துவமனைக் கட்டில். அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஜன்னல் பக்கம் தலை சாய்ந்திருந்தது. "டாக்டர் கையை விரிச்சுட்டார் மாமா. அத்தையை ஒரே ஒரு தடவை பேசச் சொல்லுங்க" என்றான். அவள், "அம்மா, இன்னுமா கோவம்?" என்றாள்.

என் கையில் என்ன இருந்தது, சொல்லுங்கள். அதை மனைவியிடம் காட்டினால், இத்தனை நாள் பேசியது யார் என்று கேட்பாள். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுதேன். ஜன்னல் வெளிச்சத்தில் கன்னமும் காதும் தெளிவாக விழுந்திருந்தன. கணினிக்குக் கொடுத்துவிட்டேன்.

அது கற்று முடிப்பதற்குள் மகள் போய்விட்டாள். செய்தி வந்தபோதும் நான் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் அதுவரை கற்றதெல்லாம் வீண்.

மைத்துனர் அந்த வீடியோவைத்தான் திறந்தார்.

"அத்தான், இது எப்ப எடுத்தது? பாப்பா எங்கே?"

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். "நேத்துகூட எங்கிட்ட சிரிச்சுப் பேசினாளே" என்றாள் தம்பியிடம்.

"அவ இல்லை" என்றேன். என் சொந்தக் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மனைவி போனைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இன்றுவரை யாரிடமும் அவள் பேசவில்லை என்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், வீடியோ வந்தபோது மகள் உயிரோடுதான் இருந்தாள். பேச வைத்திருக்கலாம். கடைசிவரை அம்மாவின் குரலைக் கேட்காமல் போனாள் என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மனைவி ஒரு சாயங்காலம்கூட மகளோடு பேசாமல் இருக்க நான் விட்டதில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.