மூணாவது பொட்டி

ஏத்தலாம் சார், இன்னா அவசரம். டெம்போக்காரன எறங்கி குந்தச் சொல்லு. மூணே மூணு கம்ப்யூட்டரு, எங்கயும் ஓடிப் போவாது. வெளிய போர்டுல எழுதிக்கீது பாரு, மூலக்கொத்தளம் சமுதாயக் கணினி மையம், பொறுப்பாளர் ராஜாத்தி. அந்த ராஜாத்தி நான்தான். நான் பேசி முடிச்சப்பறம் தூக்கு.

இன்னா சொன்ன? சென்டரு சொந்தக் கால்ல நிக்கலயா? நல்லாச் சொன்ன போ. மொதோ வருசம் உங்க டிரஸ்ட்டு வாடக கட்டுச்சி, வாத்தியாருக்குச் சம்பளம் குட்த்துச்சி. அப்பறம் டக்குனு நிறுத்திட்டு, நீங்களே சம்பாரிச்சி நட்த்துங்கன்னீங்க. வாத்தியாரு அன்னிக்கே பூட்டாரு. பெருக்கிக்கினு இருந்த என் கைல சாவியக் குட்த்தீங்க. டைப்பிங் கத்துக்க எவன் சார் இங்க துட்டு குடுப்பான்? ஆர்பர்ல மூட்ட தூக்கறவன் வூட்டுப் புள்ளைங்க.

அப்ப ஒன்றர வருசம் எப்டி ஓடுச்சின்றியா? போஸ்டர்ல ஓடுச்சி. இங்க ஒர்த்தர் செத்தா தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டணும், இல்லாங்காட்டி செத்தவங்களுக்கு மரியாத கெடையாது. முன்னல்லாம் பொணத்த வூட்ல போட்டுட்டு போஸ்டர் அடிக்க பாரீஸ் கார்னருக்கு ஓடுவாங்க. நாங்க இங்கயே பண்ணிக் குட்த்தோம். பாதிப் பேருக்கு தனியா போட்டோவே இருக்காது. கல்யாண போட்டோ எட்த்துகினு வருவாங்க. பக்கத்துல நிக்கற மாமியார வெட்டிட்டு, மொகத்த மட்டும் எட்த்து, பேரு அடிச்சி பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். வாடக, கரண்டு அல்லாம் அதுலதான். சாயங்காலம் பசங்களுக்கு ஓசில கிளாசு.

அப்பதான் நீ வந்த. செவுத்துல ஒட்டிக்கினு இருந்ததப் பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சிக்கினு, இது கம்ப்யூட்டர் சென்டரா எழவு வூடான்னு கேட்டியே, ஞாபகம் கீதா? படிப்பு மட்டும்தான் நடக்கணும்னு எழுதிக் கையெழுத்து வாங்கின. நிறுத்தினேன். நாலே மாசத்துல வாடகைக்கு வழியில்ல. இப்ப நீயே வந்து ஏன் நிக்கலன்னு கேக்கற. கால ஒடச்சது யாரு? வெக்கமா இல்ல உனுக்கு? மெதுவா பேசுன்னு சொல்லாத. என் தெரு, நான் கத்துவேன்.

மணலி புதுநகருக்கா எட்த்துகினு போற? உள்ள கீறதெல்லாம் அழிச்சிட்டு புதுசா போடுவீங்களா? சர்தான்.

ரெண்ட ஏத்திக்கோ. ஜன்னலாண்ட கீதே மூணாவது, அத்து மேல கை வெக்காத. அதுல எம்பொண்ணு கீறா. யசோதரா. பதினாறு வயசு, மஞ்சக்காமால. இங்க மொதோ பேட்ச்ல கத்துக்கினவ. வாத்தியாரு போன மறு வாரம் செத்துப் பூட்டா. அவளுக்குப் போஸ்டர் அடிக்க ஆளில்ல. நானே குந்திக்கினு ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சேன். அப்டித்தான் நான் இத்த கத்துக்கினேன். வூட்ல இருந்த போட்டோ, போன வருசம் குடிச எரிஞ்சப்ப கூடவே பூட்ச்சி. ஃப்ளாப்பில ஏத்திப் பாத்தேன், எடம் பத்தல. அவ மொகம் இப்ப அந்தப் பொட்டில மட்டும்தான் கீது.

போ சார், டெம்போக்காரன் கூப்புடறான் பாரு.