மதுரைக்குப் போன மல்லிப்பூ

“மதுரைக்குப் போறதுக்கு எவளாவது தென்காசியில மல்லிப்பூ வாங்குவாளா எம்மா?”

காலை ரயிலில் என் எதிர் சீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டாள். தாய் தகப்பனோடு மகால் பார்க்கப் போகிறவள். இட்லிக்காகப் பையைத் திறந்தவள் கையில் பூப்பொட்டலம் வந்தது. அதன் கீழே பட்டுச்சேலை.

“மெதுவாப் பேசுட்டி, ஆளுக பாக்காவ.”

“பாக்கட்டும். மகால் பாக்கப் பட்டுச்சேலை எதுக்கு? அங்கன யாரு வாரா?”

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தகப்பன்தான் சொன்னார். “மாப்பிள்ளை வீட்டுக்காரவ ஸ்டேஷனுக்கே வருதாவ. இறங்கும்போதே பூ வச்சிருந்தாத்தான லெட்சணம்?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

“கேட்டா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“நான் வாக்குக் கொடுத்தாச்சுல்லா!”

“அப்பம் நீங்களே அந்தச் சேலையைக் கட்டிட்டு நில்லுங்க.”

மேல் சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பேச்சில் வாய் கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. காதை மட்டும் மூடவில்லை.

சங்கரன்கோவிலில் வண்டி நின்றதும் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். தாயும் எழுந்தாள்.

“நீ எங்க போற? அவளை இழுத்துட்டு வா!”

“அன்னைக்கு என்னையவும் எங்க வீட்டுல ஐந்தருவியில குளிக்கன்னுதான் கூட்டிட்டு வந்தாவ. ஈரத்தலையோட திரும்பிப் பாத்தா, ஒங்க வீட்டு ஆளுக அத்தனை பேரும் பொண்ணு பாக்க நிக்காவ. எங்கிட்டயும் யாரும் கேக்கல.”

சொல்லிவிட்டு அவளும் இறங்கிவிட்டாள். வண்டி நகர்ந்தது.

விருதுநகரில் தகப்பனின் போன் அடித்தது; திரையில் ‘மாப்பிள்ளை வீடு’ என்றிருந்தது. பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.