புதரிலிருந்து வந்த பந்து

“கையால தொடல மச்சி, காலாலதான்.”

கிண்டியில் பஸ் ஏறிய இருவரும் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிறவர்கள். பேசியவர் கழற்றிப்போட்ட ரப்பர் செருப்பு மேல் கால் வைத்திருந்தார்.

“புதருல கெடந்த பந்த கால்விரலால கவ்வி, புல்லுல வெச்சிட்டேன்.”

“நீ பை தூக்குற டாக்டரம்மா பாத்துட்டாங்களா?”

“இல்ல. ஆனா பந்துகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. ‘தொட்டியா?’ன்னாங்க. இல்லன்னேன். அப்புறம் கடைசி குழி வரைக்கும் ஆடி முடிச்சாங்க.”

“ஜெயிச்சாங்களா?”

“ஒரு அடி கம்மியா ஆடி ஜெயிக்கவேண்டியது. ஸ்கோர் கார்டுல அவங்களே அபராதமா ரெண்டு அடி சேத்து எழுதிக்கினு தோத்துட்டாங்க.”

“உன்ன இன்னா சொன்னாங்க?”

சைதாப்பேட்டை வந்துவிட்டது. அவர் குனிந்து செருப்பைத் தேடி மாட்டினார்.

“நாளைக்கும் நீயே வான்னாங்க. ஷூ போட்டுக்கினு வரணுமாம்.”